மருந்துக்கடையும் மருத்துவமனையும்: கெடா திருநங்கையரும் ஹார்மோன் சிகிச்சையும்

பால்மாற்றத்துக்கான ஹார்மோன் சிகிச்சை இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடலில் சுரந்துகொண்டிருக்கும் ஹார்மோனை அடக்குவது ஒன்று. வேண்டிய ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது மற்றொன்று. திருநங்கையருக்கு டெஸ்டோஸ்டீரோன் அடக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் தரப்படுகிறது. திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டீரோன் தந்தாலே போதும், இரண்டு வேலையையும் அதுவே செய்துவிடும். ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கி மூன்று முதல் ஆறு மாதங்களில் மார்பு வளர ஆரம்பிக்கும், தோல் மென்மையாகும், உடற்கொழுப்பு இடம் மாறும். மாற்றம் முழுமையாக இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். முளைத்துவிட்ட தாடி மீசை இதனால் உதிராது; பருவத்தில் உடைந்த குரலும் திரும்பாது. டெஸ்டோஸ்டீரோன் எடுப்பவருக்கு ஓராண்டுக்குள் குரல் கட்டையாகும். மருந்தை நிறுத்தினாலும் அந்தக் குரல் அப்படியேதான் இருக்கும்.

இந்த மருந்துகள் ஒருவர் கைக்கு இரண்டு வழிகளில் வருகின்றன. மருத்துவர் உடலைச் சோதித்து, ரத்தம் பார்த்து, அளவு குறித்துக் கொடுப்பது ஒரு வழி. மருந்துக்கடையிலோ எல்லை தாண்டியோ வாங்கி, முன்பே எடுத்துப் பழகியவர்கள் சொல்லும் அளவில் தானே எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2014-இல் வெளியிட்ட மலேசியா பற்றிய அறிக்கை, நாட்டின் திருநங்கையரில் பலர் மருத்துவக் கண்காணிப்பு ஏதுமின்றி ஹார்மோன் எடுப்பதைப் பதிவுசெய்தது. கெடா போன்ற வட மாநிலத்தில், தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு தமிழ்த் திருநங்கைக்கு முதலில் திறந்திருப்பது இந்த இரண்டாம் வழியே. ஆகவே இங்கே எழும் கேள்வி எது நல்லது என்பதோடு முடிவதில்லை. கண்காணிப்பு என்ற பெயரில் நடப்பவற்றில் உயிரைக் காப்பது எது, ஆளை விரட்டுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், கோலா கெட்டில், பாலிங் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களே கெடாத் தமிழரின் பிறப்பிடம். மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெஸ்ஸர்தான். காய்ச்சல், கைகால் வெட்டு, பாம்புக்கடி என எதற்கும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அவர் லயத்து வீடுகளில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். அந்த நெருக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முதியவருக்கும் பெரிய துணையாக இருந்தது. தன் உடலைப் பற்றி வெளியில் சொல்ல முடியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதே நெருக்கம்தான் தடை. அவரிடம் கேட்பது லயத்துக்கே சொல்வதற்குச் சமம். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பட்டணத்து மருந்துக்கடையில் யாரும் யாரையும் அறிவதில்லை. திருநங்கையரின் ஹார்மோன் வரலாற்றில் இந்த இடமாற்றம் கவனிக்கப்படாத, ஆனால் முக்கியமான திருப்பம்.

மருந்தைப் பற்றிய அறிவு மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போகிறது. அம்மா என்றும் அக்கா என்றும் அழைக்கப்படும் மூத்த திருநங்கை எந்த மாத்திரை, எத்தனை, எந்த ஊசி, எவ்வளவு நாள் இடைவெளி என்று சொல்லித்தருகிறார். வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைக்குச் சோறு போடுபவரும் தங்க இடம் கொடுப்பவரும் அவரே என்பதால், அந்தச் சொல்லுக்கு எந்த மருத்துவரின் சொல்லைவிடவும் எடை அதிகம். இந்த அறிவை மூடத்தனம் என்று தள்ளுவது நியாயமில்லை. எந்த மருந்து குமட்டலைத் தருகிறது, எது விரைவாகப் பலிக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் தம் உடலிலேயே பார்த்து அறிந்தவர்கள் இவர்கள். இந்த அறிவுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை அனுபவத்தால் அறியலாம்; ரத்தம் உறையும் தன்மை கூடுவதையும் கல்லீரல் நொதிகள் ஏறுவதையும் அனுபவத்தால் அறிய முடியாது. மருந்து பலிக்கும் வேகமும் அதன் ஆபத்தும் வெவ்வேறு கணக்குகள்.

மலேசியாவில் இந்தச் சிகிச்சை எல்லாக் காலத்திலும் மருத்துவமனைக்கு வெளியிலேயே இருந்துவிடவில்லை. 1980-களின் தொடக்கம்வரை கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பால்மாற்று அறுவைச் சிகிச்சை நடந்துவந்தது. 1983-இல் ஆட்சியாளர் மாநாடு, இருபால் உறுப்புகளுடன் பிறந்தோர் தவிர மற்ற முஸ்லிம்களுக்கு இது கூடாது என்ற பத்வாவை ஏற்றது. பத்வா முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் ஒரு மருத்துவமனை ஒரு சேவையைக் கைவிடும்போது மதம் பார்த்துக் கைவிடுவதில்லை. மதிப்பீடு, ஹார்மோன், அறுவை என்று ஓரிடத்தில் சேர்ந்து வந்த அனுபவம் அத்தோடு கலைந்தது. அடுத்த தலைமுறை மருத்துவர்கள் இதைப் படிப்பிலும் பார்க்கவில்லை, வார்டிலும் பார்க்கவில்லை. இந்துத் திருநங்கையருக்கும் கிறிஸ்தவத் திருநங்கையருக்கும் சட்டம் மூடாத கதவு பயிற்சியின்மையால் மூடியது. ஆனால் மலேசியத் திருநங்கையரைப் பற்றிய விரிவான முதல் ஆய்வுகளில் ஒன்று கெடாவிலிருந்தே வந்தது. சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தே யிக் கூன், தீபகற்ப மலேசியா முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி, 2002-இல் அதை நூலாக வெளியிட்டார்.

கைக்கு எளிதில் கிடைப்பது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. 1952-ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டத்தின் கீழ் மருந்துகள் பிரிக்கப்பட்டபோது, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தாளுநரே கொடுக்கக்கூடியவற்றில் இந்த மாத்திரைகள் அமைந்தன. பெண்ணின் கையில் கருத்தடை எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம், அது சரியானதும்கூட. அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் எத்தினில் எஸ்ட்ரடயால். 1938-இல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்து ஆய்வகத்தில் உருவான செயற்கைப் பொருள் அது. உடலில் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ரடயாலை வாய்வழி கொடுத்தால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். எத்தினில் எஸ்ட்ரடயாலைக் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது. அதனால்தான் மிகச் சிறிய அளவிலேயே அது வேலை செய்கிறது. அதனாலேயே கல்லீரலை நீண்ட நேரம் தூண்டி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் கூட்டுகிறது.

இதன் விலை என்ன என்பது ஆம்ஸ்டர்டாமில் தெரியவந்தது. அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையில் திருநங்கையருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ரடயால் கொடுப்பது ஒரு காலத்து வழக்கம். 816 திருநங்கையரைத் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஆய்வு, கால் நாளங்களிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி ஏற்படுவது பொதுமக்களைவிட இருபது மடங்கு அதிகம் என்று காட்டியது. 40 வயதைத் தாண்டியவர்களைத் தோலில் ஒட்டும் எஸ்ட்ரடயாலுக்கு மாற்றிய பிறகு கட்டிகள் குறைந்தன. இயற்கை எஸ்ட்ரடயாலோடு ஒப்பிட்டு உறைதல் மாற்றத்தை அளந்த ஆய்வு 2003-இல் வந்தது. மாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் எத்தினில் எஸ்ட்ரடயாலே என்று அது உறுதிசெய்தது. 2011-இல் அதே மையத்தின் நீண்டகாலக் கணக்கு, எத்தினில் எஸ்ட்ரடயால் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தநாள நோயால் ஏற்படும் மரணம் மூன்று மடங்கு என்றது. 2022-இல் வெளிவந்த உலகத் திருநர் மருத்துவச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு நெறிமுறை இந்த மருந்தைப் பால்மாற்றச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே கூறுகிறது.

கருத்தடை மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் இருப்பது 30 அல்லது 35 மைக்ரோகிராம். ஒன்றால் பலன் தெரியவில்லை என்று நாளுக்கு மூன்று எடுத்தால் 90 முதல் 105 மைக்ரோகிராம் ஆகிறது. அதாவது ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்து, இறந்தவர்களைக் கணக்கெடுத்து, கைவிட்ட அதே அளவு. ஐரோப்பாவில் மருத்துவர் சீட்டிலிருந்து நீங்கிய அளவு, இங்கே கடை மாத்திரைகளைக் கூட்டிப் பார்த்தால் மீண்டும் வந்து நிற்கிறது. இந்த ஒரு கணக்கு ஒவ்வொரு திருநங்கைக்கும் தெரிந்தாக வேண்டியது. மாத்திரையைக் கூட்டும்போது அதில் கலந்திருக்கும் மற்றொரு ஹார்மோனும் மும்மடங்காகிறது. புகைபிடிப்பவர், உடல் பருத்தவர், இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து பயணம் செய்பவர், அறுவைக்குப் பின் படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் ஏறும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சு வாங்குவது, மூச்சிழுத்தால் நெஞ்சு குத்துவது ஆகியவை கட்டியின் அறிகுறிகள். அந்த நேரத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போய், எடுத்துவரும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் அதை ஆஸ்துமா என்றோ சளி என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆண் ஹார்மோனை அடக்க எடுக்கப்படும் சைப்ரோடிரோன் இன்னொரு பாடம். டயான்-35 போன்ற மாத்திரையில் அது 2 மில்லிகிராம்தான் இருக்கிறது. தனி மாத்திரையாக வருவது 50 மில்லிகிராம். பிரான்சு நாட்டில் இம்மருந்தை எடுத்த இரண்டரை லட்சம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் 3 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மூளை உறையில் வளரும் கட்டி ஏறத்தாழ ஏழு மடங்கும், மொத்தம் 60 கிராமைத் தாண்டியவர்களுக்கு இருபது மடங்குக்கு மேலும் காணப்பட்டது. நாளுக்கு 50 மில்லிகிராம் என்றால் 60 கிராமை எட்ட மூன்றரை ஆண்டுகூட ஆகாது. இதைவிட மிகக் குறைந்த அளவே டெஸ்டோஸ்டீரோனை அடக்கப் போதும் என்று இப்போது தெரிகிறது. அந்தச் செய்தி தோட்டத்து அக்காவுக்கு எட்டுவதற்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

ஊசிக்கு மருந்தின் ஆபத்தோடு கருவியின் ஆபத்தும் சேர்கிறது. பகிர்ந்துகொள்ளும் ஊசியால் எச்ஐவியும் ஹெப்படைட்டிஸ் சி-யும் பரவும். மார்பிலும் இடுப்பிலும் திரவ சிலிகான் செலுத்துவது ஹார்மோனே இல்லை. அதை இந்தப் பேச்சில் சேர்த்துக் குழப்பக் கூடாது. அது நாளத்துக்குள் புகுந்தால் நுரையீரலை அடைத்துக் கொல்லும், பல ஆண்டுகள் கழித்து இடம் நகர்ந்து உருவத்தையும் சிதைக்கும். எந்த அளவும் பாதுகாப்பான அளவில்லை.

இனி, மருத்துவக் கண்காணிப்பு என்பது நடைமுறையில் என்ன? 2009-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்ட அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டி அதைத் தெளிவாகச் சொல்கிறது. தொடங்குமுன் குடும்பத்தில் ரத்தக்கட்டி, மார்பகப் புற்று, இதயநோய் உண்டா என்று கேட்க வேண்டும். முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பின்பு ஆண்டுக்கு ஓரிரு முறையும் பரிசோதிக்க வேண்டும். ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹார்மோன் அளவு, ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியம், டெஸ்டோஸ்டீரோன் எடுத்தால் சிவப்பணு விழுக்காடு ஆகியவை பார்க்கப்படுகின்றன. டெஸ்டோஸ்டீரோனை டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழும் எஸ்ட்ரடயாலை மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம் அளவிலும் வைத்துக்கொள்வது இலக்கு. இதைப் படிக்கும் எவருக்கும் ஒன்று புலப்படும். இதில் பெரும்பகுதிக்கு அரிய நிபுணத்துவம் தேவையில்லை. அழுத்தம் பார்ப்பதும் கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும் மாவட்ட அளவிலேயே நடப்பவை. அரசு சுகாதார கிளினிக்கில் குடிமகனுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனையும் சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையும் இருக்கின்றன. பீடோங் அருகே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவர்களையே உருவாக்குகிறது. கட்டணமோ கருவியோ தடையில்லை என்றால், ஆட்கள் ஏன் போவதில்லை என்பதுதான் ஆராய வேண்டியது.

தடை பதிவு மேடையிலேயே தொடங்குகிறது. மைகார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. சேலை கட்டி வந்தவரின் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்க ஆண்பெயராகக் கூப்பிடுவதும், படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் ஆண்கள் வார்டில் போடுவதும் அந்த இலக்கத்தின் விளைவுகள். மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம், கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நூறு பேரிடம் செய்த ஆய்வை 2019-இல் வெளியிட்டபோது, கல்வி, வேலை, குடியிருப்பு ஆகியவற்றோடு மருத்துவத்தையும் பாகுபாடு நிலவும் துறையாகவே பதிவுசெய்தது. தலைநகரத்து நிலை அது. ஒரே மருத்துவமனையில் அத்தை மகனும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வேலை பார்க்கும் சிறுபட்டணத்தில், செய்தி வீட்டுக்குப் போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

சட்டம் அடுத்த தடை. ஆண் பெண்ணுடையில் வருவதைக் குற்றமாக்கும் சியாரியா விதி எல்லா மாநிலங்களிலும் உண்டு. அது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் மீது 1955-ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒழுங்கீன நடத்தை என்ற பெயரில், பாயக்கூடும். சியாரியா விதியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட நெகிரி செம்பிலான் வழக்கில் 2014 நவம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாநில சியாரியாச் சட்டத்தின் 66-ஆம் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. 2015 அக்டோபர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுத்த முறை தவறு என்ற காரணத்தால், அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. இந்த வழக்கில் நம் பொருளுக்கு உரிய ஒரு செய்தி உண்டு. வழக்கு தொடுத்தவர்களின் கையில் மருத்துவச் சான்று இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன்மீதே தன் வாதத்தைக் கட்டியது. 2005-இல் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்ற உத்தரவிட்ட கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் மருத்துவர்களின் கருத்தையே துணைகொண்டது. அதே காலத்தில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஒத்த கோரிக்கையை மறுத்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும், மருத்துவப் பதிவேடு இல்லாதவருக்கு வாதாடவே வாய்ப்பு குறைவு. தானே மருந்து எடுப்பவர் இழப்பதில் இந்தக் காகிதமும் ஒன்று.

தானே எடுப்பதை ஆதரிப்போரின் வாதங்களில் வலுவானது காலம் பற்றியது. உலகத் திருநர் மருத்துவச் சங்கத்திடமிருந்து 1979-இல் வெளிவந்த முதல் நெறிமுறையும் அதன் அடுத்த பதிப்புகளும் மனநல வல்லுநரின் கடிதத்தையும் நீண்ட மதிப்பீட்டையும் கேட்டன. ஹார்மோன் தருவதற்கு முன்பே ஒருவர் பெண்ணாக வாழ்ந்து காட்ட வேண்டும் என்றும் சில இடங்களில் வற்புறுத்தப்பட்டது. தோட்டத்திலோ தொழிற்சாலை வரிசையிலோ வேலை செய்பவரை மாறாத உடலோடு பெண்ணுடையில் போய்வா என்பது, அடி வாங்கி வா என்பதற்குச் சமம். காத்திருப்புக்கும் மருத்துவ விலை உண்டு. மெல்பர்ன் நகரில் 64 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனேயும் மற்றதற்கு மூன்று மாதம் கழித்தும் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்த ஆய்வு 2023-இல் வெளியானது. உடனே பெற்றவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தெளிவாகக் குறைந்தன. எட்டாம் பதிப்பு நெறிமுறை, வயது வந்தவருக்குத் தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடே போதும் என்று இறங்கிவந்தது. ஆபத்துகளை விளக்கி, புரிந்துகொண்டார் என்று கண்டு, ஒப்புதல் பெற்றுத் தொடங்கும் முறை அமெரிக்கச் சமூக கிளினிக்குகளில் நிலைபெற்றுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் திருநர் நிலையை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டது.

எதிர்வாதத்திலும் உண்மை உண்டு. குடும்பம் கைவிட்ட இளையவரிடம் மனச்சோர்வோ மதுப்பழக்கமோ சேர்ந்திருக்கலாம். கேட்க ஆளிருந்தால்தான் அது வெளிவரும். ஈஸ்ட்ரோஜன் விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது, அது முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. பின்னாளில் பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியைத் தொடங்குமுன்பே யாராவது கேட்டாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பற்றிய விவாதம் வேறு. ஐரோப்பாவில் பல நாடுகள் அண்மையில் கட்டுப்பாட்டை இறுக்கியிருக்கின்றன. அந்த வயதில் கடை மாத்திரையைத் தானே எடுப்பதை எந்தத் தரப்பு மருத்துவரும் ஆதரிப்பதில்லை.

இவற்றை எடைபோட்டால், கண்காணிப்பு என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேலைகள் கட்டப்பட்டிருப்பது தெரியும். வாசலில் நின்று தகுதி கேட்பது ஒன்று. உள்ளே வந்தவரின் உடலைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. ஆம்ஸ்டர்டாமில் உயிர்களைக் காத்தது இரண்டாவது வேலை. ஆட்களை மருந்துக்கடைக்கு அனுப்பியது முதலாவது. பிரிட்டனில் பாலின கிளினிக்குகளின் காத்திருப்பு பல ஆண்டுகளாக நீண்டபோது, அந்நாட்டு மருத்துவப் பேரவை 2016-இல் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு வழி சொன்னது. தானே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, நிபுணரைப் பார்க்கும்வரை, பாதுகாப்பான மருந்தை இடைக்காலமாக எழுதித் தரலாம் என்பது அது. ஆபத்து ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்போது அதைக் குறைப்பதே மருத்துவரின் கடமை என்ற எண்ணமே அதன் அடிப்படை.

மலேசியாவுக்கு இந்த எண்ணம் புதிதில்லை. போதைப்பொருளுக்கு மிகக் கடுமையான தண்டனை உள்ள இந்த நாடு, 2005-இல் மெத்தடோன் சிகிச்சையையும் 2006-இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது. குற்றம் என்ற நிலை மாறவில்லை. எச்ஐவி பரவுவதைத் தடுக்க வேண்டியிருந்தது, செய்தார்கள், பலன் கிடைத்தது. போதைப்பொருள் எடுப்பதை ஒப்புக்கொள்ளாமலேயே எடுப்பவரின் உயிரைக் காக்கலாம் என்று ஏற்ற சுகாதார அமைச்சுக்கு, ஹார்மோன் எடுப்பவருக்கு அதே தர்க்கத்தை நீட்டிக்கச் சட்டத்திருத்தம் தேவையில்லை. கடையில் எதை வாங்கினாய் என்று கடிந்துகொள்ளாமல் கேட்கும் ஒரு மருத்துவ அலுவலரும், எத்தினில் எஸ்ட்ரடயாலின் ஆபத்தைத் தமிழிலும் மலாயிலும் விளக்கும் ஒரு தாளும், ஒரு குழாய் ரத்தமும் தொடக்கத்துக்குப் போதும். மருந்தாளுநரின் இடமும் பெரிது. ஒரே ஆள் மாதம் மூன்று அட்டை வாங்குவதை முதலில் பார்ப்பவர் அவரே. 2014-இல் திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா ஆயுப் இணைந்து தொடங்கிய சீட் அமைப்பும், 1987 முதல் இயங்கும் பிடி அறக்கட்டளையும் தலைநகரில் இப்படியான உதவிகளைச் செய்கின்றன; கெடாவின் பட்டணங்களில் அந்த அளவு அடர்த்தியான துணை இல்லை.

எல்லைக்கு அப்பால் போவது கெடாவுக்கே உரிய மூன்றாம் வழி. புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைக் கடந்தால் ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய். தாய்லாந்தில் 1975 முதல் பால்மாற்று அறுவை நடக்கிறது. 2009 முதல் இரண்டு மனநல மருத்துவர்களின் ஒப்புதல் விதியாக்கப்பட்டது. அங்கே செய்யப்படும் அறுவையின் தரம் உயர்ந்தது. ஆனால் அறுவை ஒருநாள் வேலை, ஹார்மோன் ஆயுள்கால வேலை. திரும்பி வந்தவரின் புண் பழுத்தால் பார்க்க வேண்டியவர் சுங்கை பட்டாணி மருத்துவரே. விந்தகங்கள் அகற்றப்பட்ட பின் ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து தேவையில்லை என்பது பலருக்குச் சொல்லப்படுவதில்லை. பழைய அளவையே தொடர்கிறார்கள். வேறு சிலர் வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஹார்மோனையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஹார்மோனும் இல்லாத உடலில் எலும்பு கரையும்.

தமிழ்நாடு இன்னொரு சாலையில் போயிருக்கிறது. தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் வீட்டிலேயே நடந்த, ஆணுறுப்பை நீக்கும் நிர்வாணச் சடங்கும், லிவிங் ஸ்மைல் வித்யா தன் வரலாற்றில் எழுதியிருப்பது போன்ற கடப்பா பக்கத்து அவசர அறுவையும் பல தலைமுறைத் திருநங்கையரின் ஒரே வழியாக இருந்தன. 2008-இல் நலவாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாக அறுவை செய்யும் ஏற்பாடு வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. அறுவையில் காட்டிய அக்கறையை அதற்கு முன்னும் பின்னும் தேவைப்படும் ஹார்மோன் கண்காணிப்பில் அரசு அதே அளவு காட்டவில்லை என்பது அங்கே உள்ள குறை. ஆனாலும் அரசு ஆஸ்பத்திரி வாசலில் திருநங்கை வரிசையில் நிற்பது அங்கே இயல்பான காட்சியாகிவிட்டது, அது சிறிய சாதனையில்லை.

திருநம்பியர் பற்றி மலேசியத் தமிழரிடையே பேச்சே குறைவு. உடற்பயிற்சிக் கூடங்களைச் சுற்றிக் கைமாறும் டெஸ்டோஸ்டீரோன் ஊசிகள் அவர்களுக்கும் எட்டக்கூடியவை. அளவு மிஞ்சினால் சிவப்பணு பெருகி ரத்தம் தடிக்கும். சிவப்பணு விழுக்காடு 54-ஐத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும் என்பது பொது விதி. மலிவான, எந்த கிளினிக்கிலும் செய்யக்கூடிய ஒரே ரத்தச் சோதனை இதைக் காட்டிவிடும். மாதவிடாய் நின்றதாலேயே கரு தரிக்காது என்று நம்புவதும் தவறு.

மூத்தவர்களின் நிலை இதுவரை எந்தத் திட்டத்திலும் இடம்பெறாதது. 1990-களில் இளவயதில் மாத்திரையைத் தொடங்கியவர்கள் இன்று ஐம்பதை நெருங்கியோ கடந்தோ நிற்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு, ரத்த அழுத்தம், வயது ஆகிய மூன்றோடு எத்தினில் எஸ்ட்ரடயாலும் ஒரே உடலில் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்காக நிற்பதில்லை. இவர்களுள் பலர் ஏற்கெனவே அரசு கிளினிக்கின் நீரிழிவு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் அட்டை போட்டு மருந்து வாங்குபவர்கள். அந்த அட்டையில் ஹார்மோன் இல்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த முறை ரத்தம் எடுக்கும் தாதி, வேறென்ன மருந்து எடுக்கிறீங்க அக்கா என்று தாழ்ந்த குரலில் கேட்டு, வரும் பதிலை மற்ற மருந்துகளோடு மருந்தாக எழுதிக்கொண்டால், மாத்திரையை நிறுத்தித் தோல்வழி எஸ்ட்ரடயாலுக்கு மாற்றும் முடிவை அதே அறையில் மருத்துவர் எடுக்க முடியும்.